ஏலத்துக்குப் போன என் சக்கரப் பலகை

2006-ம் வருடம், அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஊரப்பாக்கத்தில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, ஆலயத்தை ஒட்டிப் போட்டிருந்த பந்தலில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். வேதாகமப் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். மேடையில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் என் கணவர். அடுத்து அவர் கைக்கு வரப்போகிற பொட்டலத்தில் இருந்தது என் சந்தோஷம். அதை அங்கே கொண்டுபோய் வைத்தவளும் நான்தான்.

இதைச் சொல்ல வேண்டுமானால் பத்து மாதம் பின்னால் போக வேண்டும்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. ஒரே மகன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். கணவருக்குத் தாம்பரத்தில் ரயில்வே யார்டில் வேலை. ரயில் பெட்டிகளின் சக்கரங்களைத் தட்டிப் பார்த்து, கிரீஸ் வைத்து, ஓட்டத்துக்கு அனுப்புகிற வேலை. நல்ல மனிதர். ஆனால் வீட்டில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். மகன் இருந்தவரை அவனுடைய சத்தத்தில் அது தெரியவில்லை. அவன் போன பிறகு வீட்டில் மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்க ஆரம்பித்தது.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோதுதான் அது கிடைத்தது. இரண்டு முழ நீளத்தில் ஒரு பலகை, அடியில் நாலு குட்டிச் சக்கரங்கள். ஸ்கேட்போர்டு என்று சொல்வார்கள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் தம்பி, மகன் ஆறாவது படிக்கும்போது கொண்டுவந்து கொடுத்தது. மகன் இரண்டு நாள் அதில் ஏறி, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, மறுபடியும் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து அது பரணில்தான் கிடந்தது.

முதலில் அரிசி மூட்டையை அதன் மேல் ஏற்றி ஹாலிலிருந்து சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வெண்ணெய் மாதிரிப் போனது. அடுத்து குரோட்டன்ஸ் தொட்டிகள். எல்லாம் முடிந்த பிறகு பலகை சும்மா கிடந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு காலை எடுத்து அதன் மேல் வைத்தேன். பிறகு அடுத்த காலையும்.

பலகை ஒரு சாண் நகர்ந்தது. அவ்வளவுதான். ஆனால் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கிளுகிளுவென்று சிரித்தது. சின்ன வயதில் ஊஞ்சல் மேலே போய்த் திரும்புகிற இடத்தில் வருமே, அந்தச் சிரிப்பு.

அன்று முதல் தினமும் மத்தியானம் சமையல் முடிந்ததும் ஜன்னலில் இருந்து டைனிங் டேபிள், டேபிளில் இருந்து பீரோ என்று பிடித்துப் பிடித்துப் போவேன். பத்து நாளில் பிடிக்காமல் நிற்க வந்தது. பிறகு ஹால் போதவில்லை.

அந்த சமயத்தில்தான் டாக்டர், சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, தினமும் காலையில் நடந்தே ஆக வேண்டும் என்றார். அதுவரை புடவை தவிர எதுவும் உடுத்தாதவள், நடப்பதற்கென்று இரண்டு சுடிதார் வாங்கினேன். கணவர் முதல் ஷிப்டுக்கு ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். அவரை அனுப்பிவிட்டு, வேதம் வாசித்து, முழங்கால் போட்டு ஜெபித்து முடித்து, பலகையை ஒரு கட்டைப் பைக்குள் போட்டு, மேலே துப்பட்டாவைச் சுருட்டி மூடி, ஏரிக்கரைப் பக்கம் நடந்துபோவேன். வழியில் பார்க்கிறவர்கள், அம்மா இந்நேரத்துக்கே மார்க்கெட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஏரிக்குப் பக்கத்தில் அப்போது புதிதாக மனை போட்டிருந்தார்கள். வளைவு கட்டி, கறுகறுவென்று தார் ரோடு போட்டு, ஓரமெல்லாம் மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். வீடு ஒன்றுகூட வரவில்லை. வளைவிலிருந்து ஏரி வரை ரோடு ஒரே சரிவு. நடக்கிறவர்களுக்கு அது தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும்.

அங்கே ஒரு காவலாளி இருந்தார். என்னைவிடப் பெரியவர். முதல் நாள் நான் பையிலிருந்து பலகையை எடுத்ததும் எழுந்து வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது? சர்க்கஸ்ல இருந்தீங்களா?”

“இல்லண்ணே. சும்மா.”

“சும்மாவா! வுழுந்து பல்லு கில்லு போச்சுன்னா ஓனரு என்னைத்தான் கேப்பாரு.” கொஞ்ச நேரம் யோசித்தார். “சரி, ஒண்ணு பண்றேன். நான் நாற்காலிய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கறேன். நீங்க வந்ததையே நான் பாக்கல.”

சொன்னபடியே செய்தார். அன்றிலிருந்து நான் வந்தால் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைப் பக்கம் பார்த்தபடி பீடி குடிப்பார். வாழ்க்கையில் எனக்கு யாரும் அவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை.

அந்தக் காலைகளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஏரியின் மேல் பனி ஒரு சாண் உயரத்துக்குப் பஞ்சு விரித்த மாதிரி நிற்கும். தண்ணீரில் நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாக மிதக்கும். தூரத்தில் செங்கல்பட்டு ரயில் கூவிக்கொண்டு போகும். சில நாள் வண்டலூர் மிருகக்காட்சிசாலையிலிருந்து சிங்கம் உறுமுவது காற்றோடு வரும். முதலில் கேட்டபோது பலகையிலிருந்து குதித்து இறங்கிவிட்டேன். பிறகு அதுவும் என்னைப்போல விடியலில் எழுந்துகொண்ட ஓர் ஆள் என்று ஆகிவிட்டது. வளைவுக்குக் கீழே நின்று, “ஆண்டவரே, விழாமல் பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டு இடது காலைப் பலகையில் வைத்து, வலது காலால் தரையை இரண்டு தள்ளுத் தள்ளுவேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ரோடு என்னைக் கூட்டிக்கொண்டு போகும். மஞ்சள் கற்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். துப்பட்டா தோளிலிருந்து எழுந்து பறக்கும். காதுக்குள் காற்று ஊதும். நிற்கிறேனா பறக்கிறேனா என்று எனக்கே சொல்லத் தெரியாது. பன்னிரண்டு வயதில் பாவாடை தாவணி கட்டிய நாளிலிருந்து எல்லோரும் எனக்குச் சொன்ன ஒரே வார்த்தை “மெதுவா.” மெதுவாகப் பேசு, மெதுவாகச் சிரி, மெதுவாக நட. நான் கெட்ட பெண் இல்லை. கேட்டுக்கொண்டேன். முப்பது வருடம் மெதுவாகவே இருந்தேன். இந்தச் சரிவில் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. இருபது எண்ணுவதற்குள் ஏரி வந்துவிடும். பலகையைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே நடப்பேன். டாக்டர் சொன்ன நடையும் அதிலேயே ஆகிவிட்டது.

ஒரே ஒரு குறைதான் இருந்தது. ஏழு வருடம் பரணில் கிடந்த சக்கரங்கள் கீச், கீச் என்று கத்தின. ஊர்நாய்கள் எல்லாம் வளைவுக்கு வந்து குரைக்கும். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், எறும்புதான் வந்தது. யாரிடம் கேட்பது? சக்கரம் தெரிந்த மனிதர் வீட்டிலேயே இருந்தார். ஆனால் அவரிடம் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அதனால் ஆண்டவரிடம் கேட்டேன். ஒரு வாரம் ஜெபத்தில் வைத்தேன். பரிகாசம் பண்ணாதீர்கள். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை பலகையை வைத்துத் தள்ளினால், சத்தமே இல்லை! முன்னைவிட இரண்டு மடங்கு வேகம். தண்ணீரின் மேல் போகிற மாதிரி இருந்தது. ஏரிக்கரையில் அப்படியே நின்று அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன். இவ்வளவு சின்ன காரியத்துக்கும் காது கொடுக்கிற தேவன் இருக்கிறாரே என்று.

இப்படியே ஆகஸ்டு வரை போனது. வீட்டில் பலகை, அரிசி டிரம்முக்குப் பின்னால் சாக்கு போர்த்தியபடி இருந்தது. கணவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு காலை. நான் சரிவில் பாதி தூரம் வந்துவிட்டேன். ஏரி முனையில் ஒரு வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. காரிலிருந்து எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் இறங்கினார், மனை பார்க்க வீட்டுக்காரரோடு வந்திருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். எல்லோரையும் ஒரு வார்த்தையில் உட்காரவைத்துவிடுகிற வாய். அவர் முகத்தைப் பார்த்த பதற்றத்தில் ரோட்டில் கிடந்த பொடி ஜல்லியைப் பார்க்கவில்லை. சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை.

“ஐயோ, அக்கா! நீங்களா?”

முழங்கை, முட்டி எல்லாம் ரத்தம். காவலாளி அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாற்காலியை விட்டுத் திரும்பி ஓடிவந்தார். செயலாளர் என்னைத் தூக்கி நிறுத்தி, துப்பட்டாவால் துடைத்துவிட்டார். நல்லவர்தான். ஆனால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் உதடு சிரிப்பை அடக்கப் பாடுபட்டதை நான் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் கணவர் கேட்டார். “பாத்ரூம்ல வழுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய். அவர் ஓர் ஊக்கைத் தேடி எடுத்து வந்தார். என் முழங்கையை விளக்குக்குக் கீழே பிடித்து, தோலுக்குள் புதைந்திருந்த பொடிக் கற்களை ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்ததையெல்லாம் ஒரு பேப்பரில் வரிசையாக வைத்தார். ஏழு கல். தார் ஒட்டிய கறுப்புக் கல். பேப்பரை மடித்து வெளியே போட்டுவிட்டு மருந்து தடவினார். மறுநாள் ஷிப்டு முடிந்து வரும்போது தாம்பரத்திலிருந்து பாத்ரூமுக்கு ஒரு ரப்பர் மேட் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மேட்டில் காலை வைக்கும்போதெல்லாம் என் பொய்யின் மேல் நிற்கிற மாதிரி இருக்கும்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். நான் உள்ளே நுழைந்ததுமே பேச்சு நின்றது. பிறகு ஒருவர் ஆரம்பித்தார்.

“என்னக்கா, அண்ணன் ஒரு ஸ்கூட்டி வாங்கித் தர மாட்டேன்னுட்டாரா?”

“அதான் பலகைல சக்கரம் கட்டிக்கிட்டாங்க” என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெபத்துக்குக் கண்ணை மூடியபோதுதான் கண்ணீர் வந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது கணவர் சொன்னார்: “செயலாளர் வீட்டுக்காரர் கேட்டார். உங்க வீட்டம்மா சர்க்கஸ் காட்றாங்களாமேன்னு.”

சோற்றில் கை நின்றுபோனது. மேலே என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தட்டைப் பார்த்தபடியே, “குழம்புல உப்பு கம்மி” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை. வெட்கப்பட்டு, பேசவும் பிடிக்காமல் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். இத்தனை வருடம் சபையில் தலைநிமிர்ந்து நின்ற மனிதரை, நாற்பத்தைந்து வயதில் நான் ஒரு பலகையில் ஏறிக்கொண்டு ஊர் பார்த்துச் சிரிக்க வைத்துவிட்டேனே என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் ஏரிக்கரைப் பக்கமே போகவில்லை. காலையில் தெருவில் மெதுவாக நடந்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்களில் யாருக்கும் வயல் கிடையாது. ஆனாலும் வருடம் தவறாமல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் காணிக்கையாக ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுபோய் ஆலயத்தில் வைப்போம். வாழைத்தார், தேங்காய், கோழி, முறுக்கு, கேக், கையால் பின்னிய மேஜை விரிப்பு, எதுவும் வரலாம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விட்டு, வருவதை ஆலயப் பணிக்கு வைப்பார்கள். நான் எப்போதும் தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பெரிய பூசணிக்காய் வாங்கி வைப்பேன். அந்த வருடம் முந்தின ஞாயிறு போதகர் பிரசங்கத்தில், உங்களுக்கு அருமையானது எதுவோ அதைக் கொடுங்கள் என்றார். என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், கணவர் அன்று இரண்டாம் ஷிப்டில் இருந்த நேரம், பலகையைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, பேர் எழுதாமல் கொண்டுபோய், வழக்கம்போல் நான் முன்பே வைத்திருந்த பூசணிக்காய்க்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். கொடுத்துவிட்டேன், ஆண்டவரே, என்றேன். மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கட்டைப் பை காலியாகத் தொடையில் அடித்துக்கொண்டே வந்தது.

இப்போது ஏலத்துக்கு வருகிறேன்.

வீட்டில் இருபது வார்த்தை பேசுகிற என் கணவர், ஏலத்து மைக் கையில் வந்துவிட்டால் வேறு ஆள். பத்து வருடமாக அவர்தான் எங்கள் சபை ஏலக்காரர். என் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி, “பாத்துக்கோங்க, இதுக்குத் தனி டிக்கெட் எடுத்துதான் தாம்பரத்துல ட்ரெயின் ஏத்துனாங்க” என்றார். கால் கட்டிய கோழியைக் காட்டி, “முழிச்சிகினு கீது பாருங்க. சட்டுனு கேளுங்க, முட்டை போட்டுச்சுன்னா வெல ஏத்திடுவேன்” என்றார். பந்தல் குலுங்கியது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பூசணிக்காய் போய்விட்டதால் அதற்குப் பின்னால் இருந்த பொட்டலம் இப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். சணலை அறுத்தார். பேப்பர் கீழே விழுந்தது.

அவர் பார்த்தார். ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.

“இன்னா சார் அது, துணி துவைக்கிற பலகையா?” என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். பெண்கள் பக்கம் கிசுகிசுப்பு ஓடியது. செயலாளர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கேஸ் ஏஜென்சியில் வேலை செய்யும் சபையார் ஒருவர் கையைத் தூக்கினார். “அம்பது ரூபா. சிலிண்டர் வெச்சு உருட்டிக்கலாம்.”

“எழுபது” என்றார் செயலாளர். “எனக்குப் பூந்தொட்டி நகத்த வேணும்.”

“நூறு.”

அவர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். சிலிண்டரும் பூந்தொட்டியுமாக என் பலகை போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண்முன்னால் ஏரி வந்தது. பனி வந்தது. அந்தக் கறுப்பு ரோடு, யாரும் இல்லாமல், எனக்காகச் சரிந்து காத்துக்கொண்டிருக்கிற மாதிரித் தெரிந்தது. அப்போதுதான் புரிந்தது. நான் ஆண்டவருக்குக் கொடுக்கவில்லை. மனிதர்களுக்குப் பயந்து ஒளித்து வைக்க இடம் தேடி, கடைசியில் அவருடைய ஆலயத்தில் கொண்டுபோய் ஒளித்துவிட்டு, அதற்குக் காணிக்கை என்று பேர் வைத்திருக்கிறேன்.

“நூத்தம்பது” என்றார் கேஸ்காரர். செயலாளர் தலையாட்டி விட்டுக்கொடுத்தார்.

“நூத்தம்பது, ஒரு தரம்” என்றார் என் கணவர். “நூத்தம்பது, ரெண்டு தரம்.”

மூன்றாம் தரம் சொன்னால் முடிந்தது. சுத்தியல் மாதிரி ஒரு கட்டை வைத்திருப்பார், அதைக்கொண்டு மேஜையில் தட்டுவார். கட்டையைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். கர்சீப்பை எடுத்து முகம் துடைத்தார்.

“நூத்தம்பது, ரெண்டு தரம்” என்றார் மறுபடியும்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது.

“என்ன சார், ரெண்டு தரம் எத்தன தரம்?” என்று கேஸ்காரர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

“அவசரப்படாதீங்க. பொருளைச் சரியா காட்டலியே நானு” என்றார் அவர். பலகையைத் தலைகீழாகத் திருப்பி ஒரு சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டு, மைக்கை அதன் பக்கத்தில் கொண்டுபோனார்.

சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய பந்தலில், ஸ்பீக்கரில், ஒரு சத்தமும் வரவில்லை. காற்றுப் போகிற மாதிரி மெல்லிய ஓர் ஓசை மட்டும்.

“கேட்டுச்சா? கேக்காது. ரயிலுக்குப் போடுற கிரீஸ் இது. சும்மா எண்ணெய் விட்டா இப்படி ஓடாது. பேரிங்கைக் கழட்டி, மண்ணெண்ணெய்ல கழுவி, காய வெச்சுப் போடணும். ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் பூரா ஆவும்.”

சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலே, பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிப்ரவரி மாதத்து அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் நான் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஏழு கறுப்புக் கற்கள் ஞாபகம் வந்தன. ரப்பர் மேட் ஞாபகம் வந்தது. இந்த மனிதர் முதலிலிருந்தே எல்லாம் தெரிந்து, என் பொய்யைக்கூடக் காப்பாற்றிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“நூத்தம்பது, ரெண்டு தரம்” என்றார் மூன்றாவது முறையாக. குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. “பெண்கள் பக்கம், யாருமே இல்லையா?”

என் கை தானாக மேலே போனது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. கல்லைத் தூக்குகிற மாதிரி நான்தான் தூக்கினேன்.

“இருநூறு” என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேஸ்காரர் உண்மையிலேயே ஒன்றும் தெரியாமல் கேட்டார்: “உங்களுக்கு எதுக்குக்கா அது?”

எழுந்து நின்றேன். முப்பது வருடமாக மெதுவாகப் பேசிப் பழகின தொண்டை. ஆனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னேன்.

“ஓட்டுறதுக்கு.”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் என் கணவர், “இருநூறு ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்!” என்று ஒரே மூச்சில் சொல்லி, கட்டையால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மேஜையில் இருந்த முறுக்கு டின் எகிறி விழுந்தது. “அநியாயம் சார், எனக்கு மூணு ரெண்டு தரம், அக்காவுக்கு ஒண்ணே ஒண்ணா?” என்று கேஸ்காரர் கத்த, அப்புறம் சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.

பலகையை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் செயலாளர் என் பக்கம் குனிந்தார். “பாத்து ஓட்டுங்கக்கா. என் பூந்தொட்டிங்க அதே எடத்துல கெடக்கட்டும்.” பிறகு இன்னும் மெதுவாக, “அன்னிக்கு நீங்க விழறதுக்கு முன்னாடி வந்தீங்களே, அது நல்லாதான் இருந்துச்சு” என்றார்.

வீட்டுக்குப் போகும்போது பலகையைக் கணவர் தூக்கி வந்தார். பையில் போடவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவே பார்க்கும்படி வந்தார். பாதி வழி வந்தோம். பிறகு சொன்னார்:

“கர்சீப் நனைஞ்சே போச்சு. ஒரு கை தூக்க இவ்ளோ நேரமா?”

“உங்களுக்கு வெட்கமா இருக்கும்னு நெனச்சேன்” என்றேன்.

“எனக்கு இன்னா வெட்கம்? நீ வுழுந்துருவியேன்னுதான் பயம். சொன்னா ஓட்றத நிறுத்திடுவ. அதான் சொல்லல.” கொஞ்ச தூரம் நடந்து, “மூணாவது சக்கரம் தேஞ்சிருக்கு. மாத்தணும்” என்றார். அன்றைக்கு அவருடைய இருபது வார்த்தை கணக்கு தாண்டிவிட்டது.

பாத்ரூமில் வழுக்கவில்லை என்பதை அன்று இரவு ஜெபத்துக்கு முன்னால் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “மேட்டு நல்ல மேட்டு. இருந்துட்டுப் போவுது” என்றார்.

இப்போது எனக்கு ஐம்பது நெருங்குகிறது. அந்த மனையில் எட்டு வீடு வந்துவிட்டது, நடுவில் ஒரு வேகத்தடையும் வந்துவிட்டது. இருபது எண்ணிக்கை பன்னிரண்டாகச் சுருங்கிவிட்டது. முட்டி பனிக்காலத்தில் வலிக்கிறது. ஆனாலும் போகிறேன். காவலாளியின் நாற்காலி இப்போது திரும்புவதில்லை. கணவர் ஓய்வு நாட்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஏரிவரை போய்ச் சேருகிற வரைக்கும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். பனிக்குள் நான் மறையும்போது சிங்கம் உறுமினால், அன்றைக்கு எனக்குப் பண்டிகை.

சக்கரத்தின் சத்தத்தை எடுத்துப்போட்டது யார் என்று தெரிந்த பிறகும், சரிவில் இறங்குவதற்கு முன்னால் நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்வதை நிறுத்தவில்லை. கேட்ட ஜெபத்துக்கு அவர் கிரீஸ் படிந்த கைகளையும் அனுப்புவார் என்று தெரிந்துகொண்டதால், இப்போது இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.